ஒவ்வாமை உள்ள வீட்டுக்கு நாமே மரச்சாமான் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டத்தில், கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையிலிருந்து சிறிது உள்ளே தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், மகளின் அறைக்குப் பார்ட்டிகிள் போர்டில் (மரத்தூளைப் பசையால் அழுத்திய பலகையில்) செய்த அலமாரி ஒன்றை வாங்கி வைத்தோம். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கி, சன்னல்களை அடைத்துவைத்த வாரத்தில் அவளுக்குக் கண்ணெரிச்சலும் இரவு இருமலும் மிகுந்தன. அலமாரியைத் திண்ணைக்கு மாற்றிய பிறகு இரண்டும் தணிந்தன. அலமாரிதான் காரணம் என்று நான் உறுதிப்படுத்தவில்லை. மழையும் ஈரமும்கூடக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அதன்பின் அவள் புழங்கும் பொருள்களை நானே செய்யத் தொடங்கினேன். நான் மருத்துவனும் அல்லேன், பரம்பரைத் தச்சனும் அல்லேன். பாறசாலையிலிருந்து தக்கலை வரை உள்ள உறவினரும் நண்பரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்குச் சொன்ன பதில்களை இங்கே ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.

‘இயற்கைப் பொருள்’ என்றால் ஒவ்வாமை வராது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. அண்டியாபீசு எனும் முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொல்லாங்கொட்டையின், அதாவது முந்திரிக்கொட்டையின், ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும் என்பதால்தான் அவர்கள் கையில் சாம்பலையோ ஆமணக்கெண்ணெயையோ பூசிக்கொண்டு வேலை செய்கிறார்கள். அந்த எண்ணெயில் உள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் கடுமையான தோல் அழற்சியை உண்டாக்கக்கூடியவை. அதே எண்ணெயைத்தான் நம் முன்னோர் கறையான் ஏறாதிருக்க வீட்டுக் கூரையின் கழுக்கோல்களிலும் வள்ளம் எனும் படகுகளிலும் பூசினார்கள். அது முழுக்க மரத்திலிருந்து வந்தது, செயற்கை எதுவும் கலவாதது, மலிவானது. ஆனால் ஒவ்வாமை உள்ளவர் தொடக்கூடாதது.

ஆகவே மரத்தின் பெயரைக் கேட்டு முடிவு செய்வதைவிட மூன்று இடங்களில் கவனம் வைப்பதே பயன் தரும் என்பது என் கருத்து: வேலை செய்யும்போது பறக்கும் தூள், ஒட்டுவதற்கும் மெருகிடுவதற்கும் நாம் சேர்க்கும் பொருள், வீட்டுக்குள் வைத்த பின் அதில் தங்கும் ஈரம்.

கடையில் விற்கும் பலகைகளில் அப்படி என்ன குறை?

மரத்தைவிட அதைப் பிணைத்திருக்கும் பசையில்தான் குறை. பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திய பலகை), சாதாரண ஒட்டுப்பலகை ஆகியவற்றில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை பயன்படுகிறது. ஈரமும் வெப்பமும் பட்டால் இந்தப் பசை மெல்லச் சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடும். ஈரமும் வெப்பமும் ஆண்டில் பெரும்பகுதி சேர்ந்தே இருக்கும் நம் பகுதிக்கு இது முக்கியமான செய்தி. அந்த வாயு கண்ணையும் தொண்டையையும் உறுத்தும்; மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அதை மிகுவிக்கக்கூடும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. வீட்டுக்குள் ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராமுக்கு மேல், அரை மணி நேரச் சராசரியாகக்கூட, இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2010 ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

பலகையை அறவே தவிர்க்க முடியாதவர்கள், ‘எம்.ஆர்.’ (ஈரம் தாங்கும்) தரத்துக்குப் பதிலாக ‘பி.டபிள்யூ.ஆர்.’ (கொதிநீர் தாங்கும்) தரத்து ஒட்டுப்பலகையைக் கேட்டு வாங்கலாம். இரண்டும் ஐ.எஸ். 303 என்ற தர எண்ணின் கீழ் வருபவை. பின்னதில் பயன்படும் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை ஈரத்தில் எளிதாகச் சிதையாததால் வாயு வெளியேற்றம் குறைவு. ‘ஈ1’, ‘ஈ0’ என்ற முத்திரைகளும் வெளியேற்றத்தின் அளவைக் குறிப்பவையே. இரண்டில் ஈ0 குறைந்தது. எதை வாங்கினாலும், அறுத்த விளிம்புகளையும் திருகாணித் துளைகளையும் அப்படியே விடாமல் மெருகோ பட்டையோ கொடுத்து மூடிவிட வேண்டும். வாயு அதிகம் கசிவது அந்தத் திறந்த விளிம்புகளின் வழியாகத்தான். செய்து முடித்ததும் நேரே படுக்கையறைக்குக் கொண்டுபோகாமல், மழை படாத திறந்த இடத்தில் சில வாரங்கள் வைத்திருப்பதும் நல்லது.

அப்படியானால் எந்த மரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?

நம் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

என் முதல் தேர்வு அயனி. மலையாளத்தில் ஆஞ்சிலி என்பார்கள். பலாவின் நெருங்கிய உறவான இம்மரம் வள்ளம் கட்டவும் வீட்டு உத்தரத்துக்கும் தலைமுறைகளாகப் பயன்பட்டது. ஈரத்துக்கும் பூச்சிக்கும் தாங்கும். தோட்டங்களின் ஓரத்திலேயே வளர்வதால் காட்டிலிருந்து வர வேண்டிய தேவையும் இல்லை. பலாமரமும் அதைப் போன்றதே. மஞ்சள் நிறம் நாளாக ஆகச் செம்பழுப்பாக மாறும். இரண்டிலும் வைரம் பாய்ந்த பகுதியையே எடுக்க வேண்டும். வெளுத்த மேற்பகுதியைப் பூச்சி விரைவில் துளைத்துவிடும்.

ரப்பர் மரத்தைப் பலர் மட்டமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குலசேகரத்திலிருந்து புனலூர் வரை பால் வற்றிய தோட்டங்களை ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி மறுநடவு செய்கிறார்கள். மரத்துக்காக நட்ட மரம் அன்று; வெட்டியே ஆக வேண்டியது; முன்பெல்லாம் விறகாகப் போனது. நிலைத்த பயன்பாடு என்று பேசினால் இதைவிடப் பொருத்தமான மரம் நம் பகுதியில் இல்லை. ஆனால் அதில் மாச்சத்து மிகுதி. வெட்டிய சில நாட்களிலேயே நீலப்பூஞ்சை ஏறும், வண்டு துளைக்கும். ஆதலால் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தில் உட்செலுத்தி, சூளையில் உலர்த்திய சட்டங்களை மட்டுமே வாங்குங்கள். போரான் உப்பு நீரில் கரைந்து வெளியேறிவிடும் என்பதால் திண்ணைக்கும் குளியலறைக்கும் இம்மரம் ஆகாது.

தென்னையில் முதிர்ந்த மரத்தின் வெளிவட்டம் மட்டுமே உதவும். நடுப்பகுதி பஞ்சு போன்றது. வெளிவட்டமோ சாதாரண வாளின் பல்லை மழுக்கிவிடும்; கார்பைடு பல் வைத்த வாள் வேண்டும்.

தேக்கு ஒவ்வாமைக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை பரவலாக உள்ளது. பூச்சி அண்டாததற்கும் நெடுங்காலம் உழைப்பதற்கும் தேக்கு நல்லது என்பது உண்மை. ஆனால் அதற்குக் காரணமான உட்பொருள்களோடு சேர்ந்திருக்கும் டீஆக்சிலபச்சால் என்ற வேதிப்பொருள் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையைத் தூண்டும். மெருகிட்ட தேக்கு நாற்காலியில் உட்கார்வதால் எதுவும் நேர்வது அரிது. அதை இழைப்பவருக்கும் தேய்ப்பவருக்கும்தான் தொல்லை. ஈட்டி மரத்தின் தூள் இதைவிடக் கடுமையானது. அதைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு: ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. மகாகனித் தூளும் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும். மாமரம் கொல்லாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. மாம்பழப் பால் பட்டு வாயோரம் வெந்துபோகிறவர்கள் பச்சை மாமரத்தை அறுக்கும் இடத்தில் நிற்காமலிருப்பது நல்லது.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்களுக்கு அங்குள்ள கட்டில் நினைவிருக்கும். 64 வகை மூலிகை மரங்களால் ஆனது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஒவ்வாமை உள்ள ஒருவருக்குச் செய்யும் கட்டிலில் நான் ஒரே மரத்தைத்தான் பயன்படுத்துவேன். ஏதேனும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எதனால் என்று கண்டுபிடிக்க அப்போதுதான் முடியும்.

ரப்பர்ப்பால் ஒவ்வாமை உள்ளவர் ரப்பர் மரக் கட்டிலில் படுக்கலாமா?

பால் ஓடும் நாளங்கள் பெரும்பாலும் பட்டையில்தான் உள்ளன; பட்டை நீக்கி, பதப்படுத்தி, உலர்த்தி, மெருகிட்ட சட்டத்தைப் பற்றிப் பொதுவாக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கையுறையோ பலூனோ தொட்டாலே மூச்சுத் திணறல் வரும் அளவுக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர், மருத்துவரைக் கேட்காமல் துணிய வேண்டாம். அயனியோ பலாவோ கிடைக்கும்போது அவர் துணிய வேண்டிய தேவையும் இல்லை. வீட்டில் அவருக்கு உண்மையான இடர் கட்டிலைவிட மெத்தையில் இருக்கக்கூடும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இடித்த பழைய வீட்டின் மரத்தைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், நான் விரும்பி வாங்குவதும் அதுவே. ஓட்டு வீடுகளை இடித்து மாடி வீடு கட்டுவது நம் ஊர்களில் நாள்தோறும் நடக்கிறது. அப்போது வெளிவரும் அயனி உத்தரங்களும் பலாக் கதவுகளும் பல பத்தாண்டுகள் காய்ந்தவை. இனி வளையா, வெடியா. புதிதாக ஒரு மரத்தை வெட்டவும் வேண்டியதில்லை. பசையும் இல்லை, பலகை வாயுவும் இல்லை. இவ்வளவு நன்மைகளோடு இரண்டு ஆபத்துகளும் உண்டு.

ஒன்று, பழைய பெயின்ட். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பச்சையும் மஞ்சளும் சிவப்பும் ஈயம் கலந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். அத்தகைய கதவை உலர்வாக உப்புத்தாளால் தேய்த்தாலோ, ஊதுவிளக்கால் சுட்டு உரித்தாலோ, ஈயத்தூளும் புகையும் வீடு முழுவதும் பரவும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பதில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை. பெயின்ட் அடித்த மரம் கிடைத்தால், மேற்பரப்பை முழுவதும் ஈரமாக்கிக்கொண்டு சுரண்டுங்கள், சுரண்டியதைத் தாளில் சேகரித்து மூட்டையாகக் கட்டுங்கள், எரிக்காதீர்கள். பெயின்ட் அடிக்காத மரம் கிடைக்கும் வரை காத்திருப்பது இதைவிட எளிது.

இரண்டாவது, முன்பு சொன்ன கொல்லாங்கொட்டை ஓட்டின் எண்ணெய்; அதைத்தான் அண்டியெண்ணெய் என்பார்கள். நான் முதன்முதலில் வாங்கிய பழைய கழுக்கோல்கள் கறுப்பாக, பளபளப்பாக இருந்தன. நூறாண்டுப் புகை படிந்த அழகு என்று மகிழ்ந்து, அரைக்கைச் சட்டையோடு ஒரு பகல் முழுவதும் தேய்த்தேன். இரண்டாம் நாள் முழங்கை வரை கொப்புளம். விற்றவரிடம் போய்க் கேட்டபோது, “அண்டியெண்ணெய் அடிச்ச கோலு, எல்லாருக்கும் தெரியுமே” என்றார். அந்த ‘எல்லாரில்’ நான் இல்லை. கறுத்த பழைய மரத்தை இப்போது நான் தேய்ப்பதில்லை. அறுப்பு மில்லில் கொடுத்து நான்கு புறமும் ஒரு நூல் அளவுக்குச் சீவி எடுத்த பிறகே வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். கொடுக்கும் முன் ஆணிகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அவர்கள் வாளில் ஆணி பட்டால் அடுத்த முறை உங்கள் மரத்தை ஏற்க மாட்டார்கள்.

புதிய மரம் போதுமான அளவு காய்ந்துவிட்டது என்று எப்படி அறிவது?

ஈரமானி இருந்தால் நல்லது. நம் பகுதிக்கு ஏறக்குறைய 12 முதல் 15 சதவீத ஈரம் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். இல்லாதவர்களுக்கு ஒரு வழி: ஒரு பலகையில் குறியிட்டு, சமையலறைத் தராசிலோ கடைத் தராசிலோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து எழுதிவையுங்கள். எடை குறைவது நின்று, அடுத்தடுத்து மூன்று முறை ஒரே எடை வந்தால் மரம் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். பலகைகளைத் தரையில் அடுக்காமல், இடையிடையே சிறு சட்டங்களை வைத்து, வெயில் நேரே படாத, காற்று வரும் கூரையின் கீழ் அடுக்க வேண்டும்.

இடவப்பாதியும் துலாம் மழையும் (வடகிழக்குப் பருவமழை) ஆக இரண்டு மழைக்காலங்களைப் பெறும் மாவட்டம் நம்முடையது. எவ்வளவு காய்ந்த மரமும் மழையில் அகலவாட்டில் உப்பும், பங்குனியில் சுருங்கும்; நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதில்லை. இதை அறியாமல் மேசைப் பலகையைச் சட்டத்தோடு இறுக்கிப் பிணைத்தால் அடுத்த கோடையில் பிளவு விழும். திருகாணித் துளையைச் சட்டத்தில் வட்டமாக இடாமல் நீள்வாக்கில் இட்டால் பலகை அசைய இடம் கிடைக்கும்.

ஆணி, பசை, கைப்பிடி இவற்றில் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு. ஒரு கட்டையில் துளை குடைந்து, மற்றதன் முனையை நாக்குப்போல் செதுக்கி அதில் இறக்கி, குறுக்கே மர முளை அடிக்கும் பழைய முறை மூட்டுக்குப் பசையே தேவையில்லை. கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆகும். உளியும் கொட்டாப்புளியும் மூலமட்டமும் போதும். பசை வேண்டுமென்றால் சாதாரண வெள்ளைப் பசையான பாலிவினைல் அசிட்டேட் போதுமானது. யூரியா ஃபார்மால்டிஹைடு பசைத்தூளை வாங்க வேண்டாம்.

பலர் எண்ணிப் பார்க்காதது நிக்கல். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறவர்களுக்கு, நிக்கல் முலாம் பூசிய கைப்பிடியை நாள்தோறும் பிடித்தால் விரலிடுக்கில் அரிப்பு வரலாம். மரக் கைப்பிடியைச் செதுக்கி வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

மெருகுக்கு எதைப் பூசுவது? தேங்காயெண்ணெய் தடவினால் போதாதா?

போதாது. தேங்காயெண்ணெய் காற்றில் உலர்ந்து கெட்டியாகும் வகையைச் சேர்ந்தது அன்று. தடவிய அன்று மினுங்கும்; பின் தூசியைப் பிடித்துக்கொண்டு பிசுபிசுக்கும், சில மாதங்களில் சிக்கு வாடை வீசும். நல்லெண்ணெயும் இவ்வேலைக்கு ஏற்றதன்று.

ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனை ஏற்று, மரத்துக்குள்ளேயே கெட்டியாகிவிடும். கடையில் ‘காய்ச்சியது’ என்ற பெயரில் விற்பதில் விரைவில் உலர்வதற்காகக் கோபால்ட், மாங்கனீசு உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். ஒவ்வாமை உள்ள வீட்டுக்குக் கலப்பில்லாத எண்ணெயே மேல். அது உலர நாள் கணக்கில், மழைக்காலத்தில் வாரக் கணக்கில் ஆகும். மெல்லிய பூச்சாகப் பூசி, அரை மணி கழித்து மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். ஒரு கடுமையான எச்சரிக்கை: அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் உலரும்போது வெளிவரும் வெப்பம் சுருட்டிய துணிக்குள் தங்கி, தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும். துணியை விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது நீரில் அமிழ்த்துங்கள்.

தேன்மெழுகுக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை; மார்த்தாண்டத்துத் தேன் 2023 இல் புவிசார் குறியீடு பெற்றது, மெழுகும் அங்கேயே கிடைக்கும். உலர்ந்த எண்ணெய்ப் பூச்சின் மேல், எண்ணெயில் உருக்கிய மெழுகைத் தேய்த்தால் கைக்கு இதமான மெருகு வரும். மெழுகை அடுப்பின் மேல் நேரே வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். தேனீப்பிசின் ஒத்துக்கொள்ளாதவர்கள் சிலர் இருக்கிறார்கள்; வடிகட்டாத மெழுகில் அது கலந்திருக்கும்.

அரக்கு மெருகு உலர்ந்த பின் மணமற்றது, உறுதியானது. இழைத்த அயனியின் மேல் அதற்கு இணையான அழகு வேறில்லை. ஆனால் மழை நாளில் பூசினால் வெண்படலம் பூக்கும். சூடான தேநீர்க் குவளையை வைத்தால் வளையம் விழும். சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம், புத்தக அலமாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரைக்கப் பயன்படும் ஸ்பிரிட்டின் ஆவி தீப்பற்றக்கூடியது. திறந்தவெளியில் பூசி, ஆவி முற்றிலும் போன பிறகே ஒவ்வாமை உள்ளவரை அருகில் விடுங்கள்.

‘நீர் கலந்த வார்னிஷ்’ பாதுகாப்பானது என்று விளம்பரம் சொல்லும். அதன் வாடை குறைவுதான். ஆனால் கெடாமலிருக்க அதில் சேர்க்கும் ஐசோதயசோலினோன் என்ற பொருள் தோல் ஒவ்வாமைக்குப் பெயர்போனது. பூசிய பின் சில வாரங்கள் வரை அது காற்றிலும் கலக்கும். வாங்கும் முன் டப்பாவில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஒரு சாண் பலகையில் பூசி, காய்ந்த பின் அதைப் பயன்படுத்தப் போகிறவரின் அறையில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு மீதி வேலையைச் செய்வது என் வழக்கம்.

செய்யும்போது தூளிலிருந்து எப்படித் தப்புவது?

ஒவ்வாமை உள்ளவர் தூள் பறக்கும் வேலையில் இருக்கவே கூடாது என்பதே நேரான பதில். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995 இலேயே மரத்தூளையும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ஆகவே இது ஒவ்வாமை இல்லாதவருக்கும் பொருந்தும். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வதால் பயனில்லை. என்-95 முகக்கவசம் முகத்தோடு படிந்திருக்க வேண்டும். இயந்திரத்தில் தேய்த்தால் மாவு போன்ற தூள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். கை இழைப்புளியில் சீவினால் சுருள் சுருளாகச் சீவல் விழும், தூள் மிகக் குறைவு. இழைப்புளியைக் கூராக வைத்துக்கொண்டால் உப்புத்தாளின் வேலையே பாதியாகக் குறைகிறது என்பதை நான் தாமதமாகத்தான் கற்றேன். மிஞ்சிய தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் போகாதீர்கள்.

மெத்தையும் இருக்கையும் எப்படி அமைக்க வேண்டும்?

மூச்சிரைப்பு உள்ள வீட்டில் மரத்தைவிட இதுவே பெரிய கேள்வி. தூசிப்பூச்சி எனப்படும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர், மனிதத் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று, காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும் இடங்களில் பெருகும். நம் ஊரில் அதற்கு ஆண்டு முழுவதும் விருந்துதான். மெத்தை வைத்துத் தைத்த சோபா அதன் மாளிகை. ஆகவே இருக்கைகளை வெறும் மரமாகவே, முதுகுச் சாய்வோடும் சரியான உயரத்தோடும் செய்து, கழற்றித் துவைக்கக்கூடிய மெல்லிய பருத்தித் திண்டு போடுங்கள். உறையை 60 டிகிரி சூடுள்ள நீரில் துவைத்தால் பூச்சி சாகும்.

கயிற்று மெத்தை என்ற பெயரில் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் தென்னை நாரை ரப்பர்ப்பாலால் பிணைத்துச் செய்தது. ரப்பர்ப்பால் ஒவ்வாமை உள்ளவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இலவம்பஞ்சு மெத்தை நல்லதுதான். ஆனால் வெயிலில் போட்டு அடிக்காமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் பஞ்சு பொடிந்து, அதுவே தூசியாகும்.

என் பரிந்துரை பழைய நார்க்கட்டில். நான்கு கால், நான்கு சட்டம், குறுக்கும் நெடுக்குமாகப் பனை நார். அடியில் காற்று ஓடும், வெயிலில் தூக்கிப்போடலாம், நார் தளர்ந்தால் இறுக்கலாம், அறுந்தால் மாற்றலாம். மேலே பத்தமடைக் கோரைப் பாயோ, ஒற்றைப் போர்வையோ போதும். பனை நாருக்கு மட்டையே போதும், மரத்தை வெட்ட வேண்டியதில்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 இல் அறிவித்ததும் நல்லதே. நார் பின்னத் தெரிந்தவர்கள் அருகி வருவதுதான் சிக்கல். தெரிந்தவர் ஒருவரைக் கண்டால் கூலியோடு சாப்பாடும் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

மூங்கில் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் 2017 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ‘மரம்’ என்ற கணக்கில் வருவதில்லை, வெட்டுவது எளிதாகிவிட்டது. மாச்சத்து இருப்பதால் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். ஓடும் நீரில் சில வாரங்கள் ஊறவைப்பதோ, போராக்ஸ் கரைசலில் பதப்படுத்துவதோ கட்டாயம்.

கேரள எல்லை தாண்டி மரம் கொண்டுவரலாமா?

ரப்பர், தென்னை போன்றவற்றில் பெரிய தொல்லை இல்லை. தேக்கு, ஈட்டி போன்றவற்றுக்கு வனத்துறையின் போக்குவரத்துச் சீட்டு தேவைப்படும். இரு மாநில விதிகளும் ஒன்றல்ல. வண்டி ஏற்றும் முன் இரு பக்கத்து ரேஞ்சு அலுவலகங்களிலும் கேட்டுவிடுங்கள். எந்த மரமானாலும் விற்றவரின் ரசீது கையில் இருக்க வேண்டும்.

முதலில் எதைச் செய்து பழகுவது?

ஒரு குரண்டி, அதாவது தாழ்வான உட்காரும் பலகை. ஒரு பலகை, அடியில் இரண்டு குறுக்குச் சட்டம், நான்கு மூட்டு. கெட்டுப்போனாலும் சமையலறையில் உட்கார உதவும். நேரே அலமாரியில் தொடங்கியவர்கள் பாதியில் ஆசாரியைத் தேடிப் போனதைத்தான் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் சொன்னபடி செய்தும் இருமல் குறையவில்லை. ஏன்?

முதலில் மருத்துவரிடம் ஒவ்வாமைப் பரிசோதனை செய்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள். கரப்பான் பூச்சியோ பூனை முடியோ காரணமாக இருந்தால் அயனிக் கட்டில் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து, பொருளை நகர்த்தி அதன் பின்புறத்தைப் பாருங்கள். ஓதம் ஏறும் சுவரோடு ஒட்டிவைத்த அலமாரியின் முதுகில் மழைக்காலத்தில் பூஞ்சை படரும். முன்புறத்தை எவ்வளவு துடைத்தாலும் அது தெரியாது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. நானே செய்த, பசையில்லாத, எண்ணெய் மெருகிட்ட அலமாரியின் பின்னால், ஆவணி மாதத்தில், சாம்பல் நிறத்தில் ஓர் அடி அகலத்துக்குப் பூஞ்சை இருந்தது. இப்போது எல்லாப் பொருளையும் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, தரையிலிருந்து துடைப்பம் நுழையும் உயரத்துக்குக் கால் வைத்துச் செய்கிறேன். அலமாரியின் முதுகுப்பலகையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இடைவெளி விட்டு மூன்று சட்டங்கள் மட்டும் அடித்திருக்கிறேன்.